நிலைகொள்ளாக் கணினி

தமிழ் கற்பிக்கும் ஆசிரியரிடம் கட்டுரை வேண்டிய மலர்க்குழுவினர், சங்கப் புலவர் ஒருவரைப் பற்றியோ நாவலர் பெருமானின் உரைநடையைப் பற்றியோ ஏதேனும் வந்துசேரும் என எதிர்பார்த்திருப்பர். யாமும் அவ்வாறே எழுதக் கருதியிருந்தோம். ஆயினும், சென்ற ஆண்டு ஆனித் திங்களில், நயினை நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்குச் சென்றவிடத்தே, மாணவன் ஒருவன் வீட்டிற் கண்ட நிகழ்ச்சி எமது கருத்தை மாற்றிவிட்டது. அதனை அடுத்த சில கிழமைகளில் யாம் கற்றுக்கொண்டவை பலருக்கும் பயன்படும் என எண்ணி இங்கே எழுதலாயினோம். தமிழாசிரியனுக்குக் கணினியில் என்ன வேலை என வினவுவோர், இறுதிவரை படித்தபின் வினவுவாராக.

சாதாரண தரம் வரை எம்மிடம் தமிழ் பயின்ற அம் மாணவன், இப்போது உயர்தரத் தொழினுட்பப் பிரிவிற் பயில்கின்றான். கணினி விளையாட்டுக்களுக்கு உருவங்களும் காட்சிகளும் ஆக்கும் தொழிலைக் கற்க வேண்டும் என்பது அவன் விருப்பம். அதற்கு வேண்டிய ஆற்றல் வாய்ந்த கணினியை வாங்கக் கனடாவிலிருக்கும் மாமன் பணம் அனுப்பினார். மாணவன் யாழ்ப்பாண நகரத்துக் கடையொன்றில் உறுப்புக்களைத் தனித்தனியே வாங்கி, குறிகட்டுவான் துறையிற் படகேற்றிக் கொணர்ந்து, தன் கையாலேயே பூட்டினான். கணினியும் இயங்கிற்று. இரண்டாம் நாள் தொடக்கம் நினைத்த நேரத்தில் அணைந்தும், நீலத்திரை காட்டியும், விளையாட்டின் நடுவே உறைந்தும் அவனை வருத்தத் தொடங்கிற்று.

இருமுறை அதனைக் கடல் கடந்து கடைக்குக் கொண்டுசென்றான். அங்கே அரைமணி நேரம் ஒரு குறையுமின்றி ஓடியது. "தீவுக் கரண்டுக்கு இது தாங்காது, தம்பி" என்று கூறி அனுப்பிவிட்டனர். வீட்டிலோ வேறு தீர்ப்பு. தாயார் எம்மைக் கண்டதும், "என்ர தம்பி குளிருக்கை வேலை செய்து அனுப்பின காசு, மாஸ்ரர். இவன் தானே பூட்டுறன் எண்டு நிண்டு பழுதாக்கிப்போட்டான்" என்று கண்கலங்கினார். மாணவன் தலைகுனிந்து, "சரியாத்தான் பூட்டினனான், சேர். இப்ப எனக்கே ஐமிச்சமாக் கிடக்கு" என்றான்.

இயந்திரம் கெடுவது பெரிதன்று. அக் கேட்டினால் ஓர் இளைஞன் தன் கைத்திறனில் நம்பிக்கை இழப்பதே பெரிது. ஆதலின் எம்முடன் கடமையாற்றும் தகவல் தொழினுட்ப ஆசிரியரைத் துணைக்கொண்டு, குற்றம் யாதென ஆராயத் துணிந்தோம்.

உறுப்புக்கள் ஆறு

வாசகர் அனைவரும் கணினியின் உட்புறத்தைக் கண்டிரார் ஆதலின், உறுப்புக்களை ஒருவாறு கூறுவாம். கட்டளைகளை நிறைவேற்றுவது மையச் செயலி. அது செய்துகொண்டிருக்கும் வேலைக்குரிய தரவுகளை அவ்வப்போது தாங்குவது நினைவகம்; இளைஞர் இதனை றாம் என்பர். திரையிற் காட்சிகளை வரைந்து தருவது கிராபிக்ஸ் அட்டை. கோப்புக்களை நிலையாக வைத்திருப்பது சேமிப்பகம். வீட்டுக்கு வரும் 230 வோல்ற்று ஆடலோட்ட மின்னை 12, 5, 3.3 வோல்ற்று நேரோட்டங்களாக மாற்றி உறுப்புக்களுக்கு வழங்குவது மின்வழங்கி. இவை யாவற்றையும் பொருத்தி இணைப்பது தாய்ப்பலகை.

எழுத்து வேலை செய்யும் கணினிக்கும் விளையாட்டுக் கணினிக்கும் உறுப்புக்களின் பெயரில் வேற்றுமை இல்லை. அவை படும் பாட்டிலேயே வேற்றுமை உண்டு. கடிதம் எழுதும்போது சோம்பியிருக்கும் செயலியும் கிராபிக்ஸ் அட்டையும், விளையாட்டுத் தொடங்கியதும் பல நூறு வாற்று மின்னை ஈர்த்து, வெப்பத்தைக் கக்கி, நினைவகத்தை இடைவிடாது வாசித்தும் எழுதியும் உழைக்கும். எனவே கடை மேசையில் அரைமணி நேரம் சும்மா விழித்திருந்த கணினியை நலமுடையது எனல், கட்டிலிற் படுத்திருப்பவனைப் பார்த்து ஓட வல்லவன் எனச் சான்று வழங்குதல் போலாகும்.

குறிகளைப் பிரித்தறிதல்

யாம் முதலிற் செய்தது திருகாணி கழற்றுதல் அன்று. ஓர் அப்பியாசக் கொப்பியை மாணவன் கையிற் கொடுத்ததேயாம். கணினி நிலைகுலையும் ஒவ்வொரு முறையும் நாள், நேரம், அப்போது செய்த வேலை, திரையிற் கண்டது, வீட்டில் வேறு என்ன நிகழ்ந்தது என்பவற்றை எழுதுமாறு பணித்தோம்.

"அடிக்கடி நிற்கிறது" என்னும் ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு குறிகள் மறைந்து கிடக்கும். ஒரு சொல்லும் கூறாது திரை இருண்டு கணினி மீளத் தொடங்குமாயின், மின்வழங்கல், தளர்ந்த இணைப்பு, மிகுவெப்பம் என்பவற்றை முதலில் ஐயுற வேண்டும். நீலத்திரை தோன்றி ஒரு குறிச்சொல்லைக் காட்டுமாயின், நினைவகம், செயலி, உறுப்புக்களை இயக்கும் டிரைவர் மென்பொருள் என்பன ஐயத்துக்குரியன. அவற்றுள்ளும், ஒரே குறிச்சொல் திரும்பத் திரும்ப வருமாயின் குறிப்பிட்ட ஒரு மென்பொருளையும், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு குறிச்சொல் வருமாயின் நினைவகத்தையும் முதலில் நோக்குவது அனுபவமுடையார் முறை. ஒரேயொரு விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டு ஏனையவை செவ்வனே நடக்குமாயின், அவ் விளையாட்டின் கோப்புக்களையே முதலில் ஆராயலாம்.

விண்டோஸ் தனது நிகழ்வுப் பதிவேட்டில் இவற்றைக் குறித்து வைக்கின்றது. அங்கே கேர்னல் பவர் 41 என்னும் பதிவைக் கண்டவுடன் "பவர் சப்ளை பழுது" என்று துணிவோர் பலர். அது பிழை. முறைப்படி மூடப்படாமல் கணினி மீளத் தொடங்கிற்று என்பதையன்றி அவ்விலக்கம் வேறொன்றும் உணர்த்தாது. இறந்தான் என்ற செய்தி இறப்பின் காரணத்தைக் கூறாதவாறு போல்வதே அதுவும்.

ஒரு கிழமை சென்றபின் கொப்பியைத் திறந்தோம். குறிகள் இரு கூட்டமாகப் பிரிந்து நின்றன. சொல்லாமல் அணைந்த வேளைகள் யாவும் காலையிலோ மாலையிலோ, வீட்டுக் கிணற்றில் நீரிறைக்கும் மோட்டரைப் போட்ட பொழுதாக இருந்தன. நீலத்திரையோ காலநியதி இன்றி, பெரும்பாலும் விளையாட்டின்போது, ஒவ்வொரு முறையும் வேறு வேறு குறிச்சொல்லுடன் வந்தது. ஒரு நோயென யாவரும் கருதியது இரு நோய்களாக இருத்தல் கூடும் என்ற எண்ணம் அப்போதுதான் எமக்குத் தோன்றிற்று.

முதலாவது குற்றம்

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியன தேசிய மின்வலையமைப்போடு சேராது, டீசல் மின்பிறப்பாக்கிகளாலேயே நெடுங்காலம் மின் பெற்று வந்த தீவுகள். இம் மூன்றிலும் சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த மின் தொகுதிகளை இந்திய நன்கொடையில் அமைப்பதற்கான ஒப்பந்தம் 2024 மார்ச்சிலே கைச்சாத்தாயிற்று. இத்தகைய இடத்தில் கணினி அணைந்தால் மின்சாரத்தைக் குற்றங்கூறுதல் எவர்க்கும் எளிது. ஆயின் தீவு முழுவதும் மின் தளர்ந்திருந்தால் அயல்வீட்டு விளக்கும் மங்கியிருக்க வேண்டும். அயலாரை வினவினோம், அங்ஙனம் நிகழவில்லை. ஆகவே குற்றம் வீட்டுக்குள்ளேதான் இருந்தது.

மின்மோட்டர் ஒன்று ஓய்விலிருந்து சுழலத் தொடங்கும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு மின்னை இழுக்கும். வயரும் இணைப்புக்களும் நல்லனவாயின் அது சிறு தளம்பலோடு கழியும். எங்கேனும் ஓர் இணைப்புத் தளர்ந்திருப்பின், அவ்விடத்தே வோல்ற்றளவு வீழும், வெப்பமும் தோன்றும். கணினியின் மின்வழங்கி, மின் முற்றாக அறுந்தாலும் தன் கொள்ளளவியிற் சேமித்த மின்னால் ஏறத்தாழ 16 மில்லிசெக்கன், அதாவது ஒரு செக்கனின் அறுபதிலொரு பங்கு நேரமே, தாக்குப்பிடிக்கும். மோட்டர் வேகங்கொள்ளும் காலமோ அதனினும் பன்மடங்கு நீண்டது.

மின்பணியாளர் ஒருவரை அழைத்து, பிரதான ஆளியை நிறுத்திப் பார்க்கச் செய்தோம். மோட்டருக்கும் கணினி அறைக்கும் பொதுவான இணைப்புப் பெட்டியில் ஒரு திருகு தளர்ந்து, வயரின் முனை கருகியிருந்தது. கணினி அதனை எமக்குக் காட்டித் தந்திராவிடின், அது ஒருநாள் தீ விபத்தாகவே தன்னை வெளிப்படுத்தியிருக்கும். மின்பணியாளர் கருகிய வயரை மாற்றி, மோட்டருக்குத் தனி வழி அமைத்தார். அன்றுமுதல் கணினி சொல்லாமல் அணைவது நின்றது. யாமும் மகிழ்ந்து, அம்மன் அருள் என்று கூறி விடைபெற்றோம்.

மூன்றாம் நாள் இரவு மாணவன் தொலைபேசியில் அழைத்தான். மீண்டும் நீலத்திரை.

இரண்டாவது குற்றம்

இரு குற்றம் ஒருங்கே இருப்பின் நேரும் இடர் இதுவே. ஒன்றை நீக்கியும் நோய் முற்றாக மறையாமையால், நீக்கியது குற்றமே அன்று என மனம் தளர்ந்து, பழைய ஐயங்களுக்கே திரும்புவோம். கொப்பியில் குறிகளைப் பிரித்து எழுதியிருந்தமையால் யாம் அத் தவற்றினின்றும் தப்பினோம்.

அடுத்து வெப்பத்தை நோக்கினோம். புதிதாகப் பூட்டுவோர், செயலியின்மேல் அமரும் குளிர்விப்பானின் அடியில் ஒட்டப்பட்ட மெல்லிய பிளாஸ்ரிக் தாளை உரிக்க மறத்தல் உண்டு. இங்கே அது உரிக்கப்பட்டிருந்தது. மாணவனின் செயலி ரைசன் 7000 வரிசையைச் சேர்ந்தது. அவ் வரிசைச் செயலிகளுட் பெரும்பாலனவற்றின் வெப்ப எல்லை 95 பாகை செல்சியசு. ஒரு மணிநேர விளையாட்டிலும் அவ்வெல்லையை அது அணுகவில்லை. கடற்காற்றின் உப்பை ஐயுறலாமோ எனின், உப்பு உலோகத்தை அரிக்கக் காலம் வேண்டும். இதுவோ சில கிழமைக் குழந்தை. இணைப்பு முனைகளும் பளிச்சென்றிருந்தன. கிராபிக்ஸ் அட்டையின் டிரைவரை முற்றாக நீக்கிப் புதிதாக நிறுவியும் பயன் கிட்டவில்லை.

எஞ்சியது நினைவகம். மெம்ரெஸ்ற் என்னும் சோதனை மென்பொருளை யூ.எஸ்.பி. குச்சியில் இட்டு, விண்டோஸ் தொடங்குமுன் அதனைக் கொண்டே கணினியை இயக்கினோம். அது நினைவகத்தின் ஒவ்வோர் அறையிலும் ஒன்றை எழுதி, எழுதியதை மீள வாசித்து, இரண்டும் ஒத்துள்ளனவா எனப் பார்க்கும். ஓரிடத்திற் பிழை தோன்றினும் சோதனையில் தவறியதாகவே கொள்ள வேண்டும். முதல் மணிநேரத்துக்குள்ளேயே செந்நிற வரிகள் தோன்றலாயின.

நான்கு நினைவகச் சட்டங்கள் பூட்டப்பட்டிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் தனியே சோதித்தோம், நான்கும் குற்றமற்றன. இரண்டிரண்டாகச் சோதித்தோம், அப்போதும் குற்றமில்லை. நான்கையும் சேர்த்தாற் பிழை! மாணவன் திகைத்தான். யாமோ இதில் ஒரு புதுமையும் காணவில்லை. தனித்து நிற்குங்கால் இயல்பாயிருக்கும் சொற்கள், புணருங்கால் விகாரப்படுதலை அன்றாடம் கற்பிப்பவரல்லமோ? குற்றம் சொல்லில் இல்லை; கூட்டத்தில் இருந்தது.

அதன் காரணத்தை எமது நண்பராகிய ஆசிரியர் விளக்கினார். நினைவகப் பெட்டியின்மேல் 6000 என்று அச்சிட்டிருப்பது, செக்கனுக்கு 6000 மில்லியன் முறை தரவு மாற்றும் வேகத்தைக் குறிக்கும். ஆனால் அவ் வேகம் தானாக வருவதன்று. டி.டி.ஆர். 5 நினைவகம் தொடக்கத்தில் பொது நியமத்துக்குரிய குறைந்த வேகத்திலேயே இயங்கும். பயோஸ் என்னும் அடிப்படை அமைப்புக்குட் சென்று எக்ஸ்போ அல்லது எக்ஸ்.எம்.பி. என்ற தெரிவை இயக்கிய பின்னரே பெட்டியிற் கண்ட வேகம் கிட்டும். நினைவகம் அவ் வேகத்தைத் தாங்கினும், அதனை ஆளும் பகுதி செயலிக்குள் இருத்தலால் செயலியும் தாங்கவேண்டும். ரைசன் 7000 வரிசைக்கு ஆக்குநர் வெளியிட்ட அட்டவணையில், இரண்டு சட்டங்களுக்கு உரிய வேகம் 5200. நான்கு சட்டங்களுக்கு 3600 மாத்திரமே. சட்டங்கள் கூடக்கூடச் செயலி சுமக்கும் மின்சுமை மிகுந்து, சமிக்கைகள் தெளிவு குன்றும் என்பதே காரணம். மேலும், இரண்டாக விற்கப்படும் சோடி இரண்டாக வைத்துச் சோதிக்கப்பட்டதேயாம். இரு சோடிகளைச் சேர்த்தால் நான்கு கொண்ட ஒரு தொகுதி ஆகிவிடாது.

மாணவன் "கூடினால் நல்லது" எனக் கருதி இரு சோடிகளை வாங்கியிருந்தான். அவ்வளவே அவன் செய்த பிழை. விற்றவரும் அதனை எடுத்துரைத்திருக்கலாம்.

கடையில் நலமாக ஓடியது எங்ஙனம் எனில், அதன் விடை எமக்கே நாணம் தந்தது. கடைக்காரர் ஒவ்வொரு முறையும் முதற்காரியமாகப் பயோஸ் அமைப்பைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பியுள்ளனர். அப்போது நினைவகம் மெதுவான வேகத்தில் ஓடும், பிழை தோன்றாது. வீட்டுக்கு வந்ததும் மாணவன் மீண்டும் எக்ஸ்போவை இயக்குவான், பிழை தோன்றும். எனவே கடைக்கும் தீவுக்கும் இடையே மின்சாரம், அமைப்பு என இரண்டு வேறுபாடுகள் இருந்தன. எல்லோர் கண்ணுக்கும் மின்சாரமே தெரிந்தது. தீவென்றாற் குறையுண்டு என்ற எண்ணம் முன்னரே மனத்தில் இருந்தமையால், மற்றதை ஒருவரும் தேடவில்லை. கொழும்பிலே வைத்திருந்தாலும் இக் கணினி இவ்வாறே நீலத்திரை காட்டியிருக்கும்.

நான்கு சட்டங்களையும் 3600 வேகத்தில் ஓரிரவு முழுதும் சோதித்தோம். ஒரு பிழையும் இல்லை. இரண்டை மட்டும் 6000இல் மற்றோர் இரவு சோதித்தோம், அதுவும் குற்றமற்றது. இரண்டாவது வழியையே மாணவன் தெரிந்தான். அவ் வேகம் ஆக்குநர் விதித்த 5200இலும் மேற்பட்டதாதலின், மீண்டும் தளம்பினாற் குறைத்துவிட வேண்டும் என அறிவுறுத்தினோம். எஞ்சிய சோடியைக் கடைக்காரர், விலையிற் சிறிது கழித்துக்கொண்டு மீள ஏற்றனர். அப் பணத்தில், மின் தளம்பும்போது கைகொடுக்கும் யூ.பி.எஸ். ஒன்று வாங்கப்பட்டது.

உலகறிந்த ஓர் எடுத்துக்காட்டு

குறி ஓரிடத்திலும் குற்றம் வேறிடத்திலும் இருத்தல் நயினாதீவுக்கு மட்டும் உரியதன்று. இன்ரெல் நிறுவனத்தின் 13ஆம், 14ஆம் தலைமுறைக் கோர் செயலிகளை உயர்தரக் கணினிகளிற் பூட்டிய பலர், விளையாட்டுக்கள் இடைநடுவே நின்றுபோவதாக முறையிட்டனர். திரையில் வந்த செய்தியோ பல வேளைகளில் கிராபிக்ஸ் அட்டையின் நினைவகம் போதாது என்பதாக இருந்தது. அதனை நம்பி அட்டையைக் குறைகூறினோரும் உளர். ஈற்றில் 2024 யூலையில், மைக்ரோகோட் எனப்படும் உட்கட்டளைத் தொகுதியின் தவற்றினால் செயலி வேண்டியதினும் மிகுந்த வோல்ற்றளவைக் கேட்டுப் பெற்றமை ஒரு காரணம் என நிறுவனமே அறிவித்தது. ஓகத்தில் திருத்தம் வெளிவந்தது. உத்தரவாதக் காலமும் மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டப்பட்டது. எனினும், முன்னரே சிதைந்த செயலியை அத் திருத்தம் குணப்படுத்தாது. ஆதலின், அவ்வகைச் செயலியுடையோர் பயோஸைப் புதுப்பித்தலை ஒத்திவைத்தல் ஆகாது.

நெறி

இத்தகைய இடர் நேர்ந்தால் செய்யத்தக்கவற்றைத் தொகுத்துரைப்பாம். முதலாவது, குறிகளை எழுதுக, நினைவை நம்பற்க. இரண்டாவது, எல்லா அமைப்புக்களையும் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, அந் நிலையிலேயே சில நாள் பயன்படுத்திப் பார்க்க. மூன்றாவது, செலவில்லாச் சோதனைகளை முதலிற் செய்க: இணைப்புக்களை அழுத்திப் பார்த்தல், வெப்பத்தை அளத்தல், நினைவகத்தை ஓரிரவு சோதித்தல் என்பன இவ்வகையின. நான்காவது, ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுக. மூன்றை ஒருங்கே மாற்றிக் குணங்கண்டால், எதனாற் குணமாயிற்று என்பது என்றும் தெரியாது. ஐந்தாவது, கணினியைப் படகிலோ பஸ்ஸிலோ கொண்டுசெல்லும்போது பாரமான கிராபிக்ஸ் அட்டையைக் கழற்றித் தனியே பொதிந்து எடுத்துச் செல்க. ஆறாவது, மின்வழங்கியின் பெட்டியை எக்காரணத்தாலும் திறவற்க. மின்னை நிறுத்திய பின்னரும் அதனுள் உயிர்க்கு ஊறு செய்யும் மின் தங்கியிருக்கும்.

இந்நெறி நமது முன்னோர்க்குப் புதிதன்று. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901), வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தவர். செல்லரித்த ஏடுகள் பலவற்றைத் தேடித் தொகுத்து, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி உண்மைப் பாடத்தைத் தேர்வது அவர் மேற்கொண்ட பணி. பொருள் விளங்காத இடத்தில் தம் ஊகத்தையே பாடமாக்குவோன் நல்ல பதிப்பாசிரியன் ஆகான். ஏட்டில் எழுத்துப் பிழைப்பதும் நினைவகத்தில் எழுத்துப் பிழைப்பதும் ஒரு தன்மையனவே. இரண்டையும் ஒப்புநோக்கியே காண வேண்டும்.

அண்மையில் அவ்வீட்டுக்குச் சென்றோம். கணினி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் குறிகட்டுவான் இறங்குதுறையும் அதனை அணுகும் படகும், விளையாட்டொன்றுக்குரிய காட்சியாக, மாணவன் கையால் உருப்பெற்றுக்கொண்டிருந்தன. தாயார் தேநீர் கொணர்ந்து, "இப்ப அயலட்டைப் பெடியளின்ரை கொம்பியூட்டரையும் இவன்தான் பார்க்கிறான், மாஸ்ரர்" என்றார். மேசையில் அந்தக் கொப்பி இருந்தது. புரட்டிப் பார்த்தோம், அயல்வீட்டுக் கணினிகளின் குறிகளும், நாளும் நேரமும் இட்டு, ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன.

நமது கல்லூரி மாணவர்க்கு யாம் கூற விழைவது இதுவே. தீவிற் பிறந்தமையால் உமது கருவியும் குறையுடையது, உமது கையும் குறையுடையது எனப் பிறர் கூறுவாராயின், அதனை உடனே ஏற்கவும் வேண்டாம். சினந்து மறுக்கவும் வேண்டாம். ஒரு கொப்பியை எடுத்து எழுதத் தொடங்குங்கள். குற்றம் உங்களிடம் இருந்தால் அது தெரியவரும். இல்லையெனின் அதுவும் தெரியவரும்.